இறங்கும் கோடும் இறங்காத விலையும்

2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கடை வைத்திருந்த எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். "பணவீக்கம் குறைந்துவிட்டது என்று டீவியில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, உங்கள் கடையில் மட்டும் ஏன் சாமான் விலை குறையவில்லை?" பதில் சொல்லத் தெரியாத வியாபாரிக்குக் கொள்ளை இலாபம் அடிப்பவன் என்ற பெயர்தான் மிஞ்சியது.

காட்டிய படத்தில் பிழை இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டம்பரில் 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் 2023 செப்டம்பரில் 1.3 வீதமாக இறங்கியது. ஆனால் அந்தக் கோடு காட்டியது விலையை அல்ல, விலை ஏறும் வேகத்தை. 2021 இல் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 170 ரூபாவாகி, அடுத்த வருடம் 172 இல் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்தது. விலை இறங்கவில்லை. விலையையே கோடாக வரைந்திருந்தால் அது மேலே ஏறி மேலேயே நின்றிருக்கும்.

எமது பிள்ளைகள் சாதாரண தரம் வரை சலாகை வரைபு, வட்ட வரைபு எல்லாம் புள்ளிக்காக வரைகிறார்கள். வரைந்ததை வாசிக்கப் பழகுகிறார்களா என்பதே எனது கேள்வி. அதைப் பழக்க எமது கடைக் கணக்கை விடச் சிறந்த பாடநூல் கிடையாது.

உண்மையில் இது வியாபாரக் கணக்கிலிருந்து பிறந்த கலை. ஸ்கொட்லாந்துக்காரரான வில்லியம் பிளேபெயார் 1786 இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியைக் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டார். அவர் சொன்ன விளக்கம் எந்தக் கடைக்காரருக்கும் புரியும். ஒரு வியாபாரி அன்றன்று கிடைத்த தங்க நாணயங்களை மாலையில் ஒரே அடுக்காக அடுக்கி வைத்தால், அடுக்கின் உயரமே அன்றைய வருமானத்தைச் சொல்லிவிடும் என்றார்.

பிள்ளையிடம் ஒரு சதுரக் கோட்டுக் கொப்பியைக் கொடுங்கள். ஒரு கட்டம் 5,000 ரூபா. கைக்காசு விற்பனையை நீல நிறத்திலும் கடன் விற்பனையைச் சிவப்பிலும் மாதாமாதம் வரையச் சொல்லுங்கள். வயற்காசு புழங்கும் எமது ஊர்களில் அறுவடைக்கு முன் சிவப்பு ஏறுவதும், அறுவடைக்குப் பின் நீலம் எழும்புவதும் தெரியும். அறுவடை முடிந்த பிறகும் சிவப்பு இறங்கவில்லையென்றால், கடன் கொப்பியைப் புரட்ட வேண்டிய நேரம் அது.

அடுத்து மூன்று கேள்விகளைப் பழக்குங்கள்.

ஒன்று, இந்தக் கோடு எதை அளக்கிறது? பணவீக்கப் படத்தில் பலரும் தவறியது இங்கேதான்.

இரண்டு, கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா? 95 ஐயும் 100 ஐயும் 90 இலிருந்து வரைந்தால் இரண்டாவது சலாகை முதலாவதைப் போல் இரு மடங்கு உயரமாகத் தெரியும். காப்புறுதி, லீசிங் விளம்பரத் தாள்களில் கையெழுத்து வைக்கும் முன் இதைப் பாருங்கள்.

மூன்று, எந்தக் காலத்தோடு எந்தக் காலத்தை ஒப்பிடுகிறோம்? நோன்புப் பெருநாள் வருடத்துக்குச் சுமார் 11 நாட்கள் முன்னால் நகர்கிறது. 2022 இல் மே மாத ஆரம்பத்தில் வந்த பெருநாள் 2025 இல் மார்ச் முடிவில் வந்தது. ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிடும் புடவைக் கடைக்காரர், வியாபாரம் விழுந்துவிட்டது என்று வீணாகப் பயந்து அடுத்த கொள்வனவைக் குறைத்துவிடுவார். பெருநாளுக்கு முந்திய முப்பது நாட்களை அதே முப்பது நாட்களோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

இதற்குக் கம்பியூட்டர் வகுப்புக் கட்டணம் தேவையில்லை. காரைதீவிலும் கல்முனையிலும் பாடசாலை விடுமுறைக்குக் கடையில் வந்து நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். கல்லாவில் சும்மா இருத்தி வைக்காமல் கொப்பியையும் பென்சிலையும் கையில் கொடுங்கள். அடுத்த முறை வாடிக்கையாளர் டீவிப் படத்தைச் சொல்லிக் கேட்கும்போது, பிள்ளையே வரைந்து காட்டிப் பதில் சொல்லட்டும். கடையின் நல்ல பெயரும் அதில்தான் இருக்கிறது.