டிக்கி மேல ஏங்க இத்தனை கோபம்?

எங்க வீட்டு வண்டி செகண்ட் ஹேண்ட் இண்டிகோ மரினா, டீசல். வகுப்புல அதுக்குப் பேரு 'ஆம்புலன்ஸ்'. சிரிங்க மக்களே, ஆனா கணக்கைப் பார்த்துட்டு சிரிங்க.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது வீட்டாளுங்க அஞ்சு பேர், பின்னாடி ரெண்டு மூட்டை மிளகு, மேல ஒரு பலாப்பழம். ஹேட்ச்பேக்னா ரெண்டு பேர் பஸ்ல வரணும். செடான்னா பலாப்பழம் மடியில. புது வண்டியோட தேய்மானத்தை முதல் ஓனரே சுமந்துட்டாரு. நமக்கு மிச்சம் இடம்.

அப்புறம் ஏன் இந்த மாதிரி வண்டி இப்ப வர்றதில்ல? மரினா வந்தது 2004-ல. 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள்ள அடங்குற சின்ன காருக்கு கலால் வரி 24-லிருந்து 16 சதவீதம் ஆச்சு. டீசலுக்கு இன்ஜின் வரம்பு 1,500 சிசி. மரினா 1,405 சிசிதான். குத்தம் நீளம் மட்டும்! 2008-ல டிக்கியைக் குறைச்சு இண்டிகோ சிஎஸ் வந்துச்சு. 2025 ஜிஎஸ்டி மாற்றத்துலயும் அதே கோடு: உள்ளே 18 சதவீதம், தாண்டுனா 40.

டீசல் புகை பிரச்சினைன்னா புகைக்கு வரி போடுங்க, ஒத்துக்கறேன். மூட்டை வைக்கிற இடம் என்னங்க ஆடம்பரம்?