மூன்றாவது எட்டு மணி நேரம்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை 7 மணி சுமாருக்கு நமது ஊர்ப் படிப்பகத்திற்குப் போயிருந்தோம். பதினோரு பேர் இருந்தார்கள். மேஜையின் மேல் அன்றைய தினசரிகள் நான்கும், வாரப் பத்திரிகைகள் சிலவும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. பதினோரு பேரில் ஒன்பது பேர் தலைகுனிந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர் மாத்திரம் கையில் பத்திரிகை பிடித்திருந்தார். ஆனால் அவருடைய கண்ணும் பக்கத்திலிருந்தவருடைய போனில் ஓடிய ரீல்ஸின் மேல்தான் இருந்தது. இதை நாம் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இந்த ஒரு பாராவை எழுதி முடிப்பதற்குள் நாமே இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். ஆதலால் இது பிறத்தியாருக்குச் செய்கின்ற உபதேசமல்ல.

இதைப்பற்றிப் பேச வருகின்றவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றார்கள். இந்தக் காலத்து ஜனங்களுக்கு மன உறுதி இல்லையாம், பிள்ளைகளுக்கு அடக்கமில்லையாம், தாய்மார்களுக்குப் பொறுப்பில்லையாம். அதற்குப் பரிகாரமாகத் தியானம் செய், மூச்சை அடக்கு, வாரத்தில் ஒரு நாள் போனுக்கு விரதம் இரு என்கின்றார்கள். அந்தத் தியானத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கும் போனிலேயே ஒருவன் கடை வைத்திருக்கின்றான் என்பது வேறு விஷயம். திருடன் தினமும் வீட்டுக்குள் வந்து போகின்றான். ஆனால் ஊரில் நடக்கின்ற உபன்யாசமெல்லாம் வீட்டுக்காரனுடைய தூக்கத்தைப் பற்றித்தான் என்றால், இந்த உபன்யாசத்தால் யாருக்கு லாபம் என்று கேட்கின்றோம்.

பறிபோகின்ற சொத்து இன்னதென்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டாமா? எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் சொந்தத்துக்கு என்கின்ற ஏற்பாடு தொழிலாளிக்கு யாரும் தர்மமாகக் கொடுத்ததல்ல. 1856ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். 1886ம் வருஷம் மே 1ந் தேதி அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதையொட்டிச் சிக்காகோவில் நடந்த குண்டுவீச்சின் பேரால் 1887ல் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். 1923ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா ஒன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் கட்சி பேதமில்லாமல் கிளம்பியதும், அந்த மே தினத்தன்றே அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டதும் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

ஆக, முதல் எட்டைக் காப்பதற்குச் சங்கம் உண்டு, சட்டம் உண்டு, கொடி உண்டு. மூன்றாவது எட்டுக்கு என்ன உண்டு? அது வேலியில்லாத தோப்பு. ஒரு முதலாளி ஆலை வாசலில் விட்ட ஆளை, அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் வேறொரு முதலாளி பிடித்துக்கொள்கின்றான். கூலியில்லாமல் வேலை வாங்குகின்றான். என்ன வேலை? பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. அவ்வளவுதான் வேலை.

நமக்கு இதில் சொந்தக் கவலையும் ஒன்று உண்டு. நாம் பள்ளிக்கூடத்தில் எட்டாவதோடு நின்றவர்கள். பிறகு சைக்கிள் கடை. அதற்குப் பின் நாம் ஏதாவது கற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியுமானால், அத்தனையும் கடை அடைத்தபிறகு இரவு 7 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில், இதே படிப்பகத்தில், ஒரு குண்டு பல்பின் கீழ் கற்றதுதான். ஒரு பக்கம் புரியாது, திரும்பப் படிப்போம், அப்போதும் புரியாது. பக்கத்திலிருக்கும் பெரியவரைக் கேட்போம். அவர் சொன்னது தப்பென்று மறுவாரம் தெரிந்து அவரோடு சண்டைக்குப் போவோம். இப்படித்தான் நமக்கு எழுத்து ஏறிற்று. புரியாத ஒரு பக்கத்தின் முன்னால் அரைமணி நேரம் எழுந்திராமல் உட்காருவது என்பது சின்னக் காரியமல்ல. இன்றைக்குப் பஞ்சாலையிலோ, ஒர்க்ஷாப்பிலோ வேலை பார்க்கின்ற வாலிபனுக்கு அந்த அரைமணி நேரம் சித்திக்கின்றதா? பணக்காரன் பிள்ளைக்கு டியூஷன் உண்டு, வாத்தியார் உண்டு, போனைப் பிடுங்கிப் பெட்டியில் வைப்பதற்கு ஆளும் உண்டு. ஏழைக்குக் கல்லூரி இந்த மாலை நேரம் ஒன்றுதான்.

நிற்க, இந்த வியாபாரம் எப்படி நடக்கின்றது என்று பார்ப்போம். இது செல்போனோடு பிறந்ததுமல்ல. 1833ல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்கின்ற அச்சுக்காரர் "சன்" என்று ஒரு தினசரி ஆரம்பித்தார். மற்றப் பத்திரிகைகள் 6 சென்டுக்கு விற்றபோது இவர் ஒரு சென்டுக்குக் கொடுத்தார். லாபம் எங்கிருந்து வந்தது என்றால், இவர் ஜனங்களுக்குப் பத்திரிகை விற்றது பேருக்குத்தான். உண்மையில் அந்த ஜனங்களையே மொத்தமாக விளம்பரக்காரர்களுக்கு விற்றார். எத்தனை கண் சேருகின்றதோ அத்தனை காசு. கண் சேர்ப்பதற்கு அந்தப் பத்திரிகை என்ன செய்தது தெரியுமா? சந்திர மண்டலத்தில் வௌவால் இறக்கை முளைத்த மனிதர்கள் இருப்பதாகவும், ஜான் ஹெர்ஷல் என்கின்ற பேர்போன வானநூல் விற்பன்னர் அவர்களைத் தமது பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியில் கண்டதாகவும் 1835 ஆகஸ்டில் தொடர்ந்து எழுதிற்று. ஹெர்ஷலோ அப்போது தென்னாப்பிரிக்காவில் நட்சத்திரங்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். தம் பெயரால் நடந்த கூத்து அவருக்குத் தெரியாது. புளுகு வெளுத்த பிறகாவது பத்திரிகை படுத்ததா? இல்லை, அதன்பின் நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. வௌவால் மனிதனைவிடப் பெரிய புளுகுகளைத் தலைமுறை தலைமுறையாக விழுங்கி ஜீரணித்த நமக்கு இது ஒரு ஆச்சரியமல்லவென்றாலும், ஒரு சென்டுப் பத்திரிகையின் கணக்கை மாத்திரம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

ஏனெனில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்சப் ஆகிய மூன்றையும் வைத்திருக்கின்ற மெட்டா கம்பெனிக்கு 2023ம் வருஷத்து வரும்படி சுமார் 13,490 கோடி டாலர். அதில் சுமார் 13,190 கோடி டாலர் விளம்பரத்தால் வந்தது. அதாவது 100க்கு 97க்கு மேல். "இலவசமாகத்தானே கொடுக்கின்றான், அவனுக்கென்ன நஷ்டம், நமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்கின்ற தோழர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். தூண்டிலில் கோத்த புழுவும் மீனுக்கு இலவசம்தான்.

சரி, கண்ணைப் பிடித்து வைப்பது எப்படி? அதற்கும் சாஸ்திரம் இருக்கின்றது. இது நிஜமான சாஸ்திரம், சோதனைச் சாலையில் கண்டது. ஸ்கின்னர் என்கின்ற அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர், பசித்த புறாவைக் கூண்டிலடைத்து, அது எது செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த நேரத்துக்கு ஒருதரம் தீனி விழும்படி வைத்துப் பார்த்து 1948ல் எழுதினார். எட்டுப் புறாக்களில் ஆறு தீனி விழும்போது தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்தனவோ, அதுதான் தீனியை வரவழைத்தது என்று எண்ணினாற்போல் அதையே திரும்பத் திரும்பச் செய்தனவாம். ஒன்று கூண்டை அப்பிரதட்சணமாய்ச் சுற்றிற்று. ஒன்று ஒரு மூலையைப் பார்த்துத் தலையைத் தூக்கித் தூக்கிக் காட்டிற்று. நமது வாசகர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை என்று மேலே போகின்றோம்.

நமக்கு இங்கே வேண்டியது அவருடைய மற்றொரு சோதனை. இத்தனை கொத்துக்கு ஒருதரம் தீனி என்று கணக்கில்லாமல், எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்தால் புறா ஓயாமல் கொத்துகின்றது. தீனியை அடியோடு நிறுத்திவிட்ட பின்னும் வெகுநேரம் விடாமல் கொத்துகின்றது. சூதாட்ட விடுதியில் காசு போட்டுக் கைப்பிடியை இழுக்கின்ற யந்திரத்தின் சூட்சுமம் இதுவே. போனை மேலிருந்து கீழே இழுத்து விடுகின்றோமே, ஏதாவது புதிதாக வந்திருக்கின்றதா என்று, அதன் சூட்சுமமும் இதுவே. பத்து ரீல்ஸ் குப்பையாக வந்து பதினோராவது நன்றாயிருந்தால், அந்தப் பதினோராவது நம்மை இன்னும் ஐம்பது பார்க்க வைக்கும். எல்லாம் நன்றாக இருந்துவிட்டால் திருப்தியாய் எழுந்து போய்விடுவோம். எல்லாம் குப்பையானால் வெறுத்து எழுந்து போய்விடுவோம். இரண்டும் முதலாளிக்குக் கட்டுவதில்லை.

இது நமது கற்பனையென்று யாராவது சொல்லக்கூடும். பேஸ்புக்கின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், ஜனங்களின் நேரத்தையும் கவனத்தையும் கூடிய மட்டும் எடுத்துக்கொள்வது எப்படி என்கின்ற யோசனையின் மேல்தான் அதைக் கட்டினோம் என்றும், மனித மனத்தின் பலவீனம் ஒன்றைத் தெரிந்தே பயன்படுத்தினோம் என்றும் 2017ல் பகிரங்கமாகச் சொன்னார். அதே வருஷம் நெட்பிளிக்ஸ் கம்பெனியின் தலைவர், தங்களுக்குப் போட்டி தூக்கம்தான் என்று சொன்னார். மூன்றாவது எட்டு போதாதென்று இரண்டாவது எட்டிலும் கை வைத்தாயிற்று என்பதற்கு இதைவிட என்ன வாக்குமூலம் வேண்டும்? 2012ல் ஒரு வார காலம் 6,89,003 பேருக்கு, அவர்களைத் தனியாக ஒரு வார்த்தை கேட்காமலே, சிலருக்குச் சந்தோஷச் செய்தியைக் குறைத்தும் சிலருக்குத் துக்கச் செய்தியைக் குறைத்தும் காட்டி, அவர்கள் மனம் எப்படி மாறுகின்றது என்று பேஸ்புக்கில் சோதனை நடந்தது. 2014ல் அதை ஒரு விஞ்ஞானப் பத்திரிகையிலேயே அச்சிட்டார்கள். 2017ல் "லைக்" ஒன்றுக்கு ஒரு மதிப்பென்றால் கோப முகத்துக்கு ஐந்து மதிப்பென்று வைத்திருந்த சங்கதியும் 2021ல் உள்காகிதங்கள் வெளியானபோது தெரிந்தது. பிற்பாடு அதைக் குறைத்தார்களாம். இடையில் எத்தனை ஊரில் எத்தனை பேர் முகம் சிவந்து கிடந்தார்களோ, அதற்கு யார் கணக்கு வைத்தார்கள்?

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் என்று யாரும் எண்ண வேண்டாம். ஆளுக்கொரு கம்பியில்லாத் தந்திச் சாதனம் சட்டைப் பையில் இருக்கும், ஆளை ஆள் உருவத்தோடு பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று பெரியார் 1940களிலேயே "இனிவரும் உலகம்" என்பதில் சொன்னபோது, யந்திரத்தால் மனிதனுடைய பாடு குறையும் என்கின்ற நம்பிக்கையோடுதான் சொன்னார். சாதனம் வந்துவிட்டது. நமது வீட்டிலேயே, கோயமுத்தூரில் வேலை பார்க்கின்ற மகன் முகத்தை அவன் தாய் தினமும் பார்க்கின்றாள். அதை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? சாதனம் நம்முடையதா, நாம் சாதனத்தினுடையவர்களா என்பதுதான் கேள்வி.

சர்க்காரைக் கொண்டு ஒரு கடையை மூடினால் தீர்ந்துவிடுமா என்றால் அதையும் பார்த்துவிட்டோம். 2020 ஜூன் 29ந் தேதி இந்திய சர்க்கார் டிக்டாக்கைத் தடை செய்தது. காரணம் வேறு என்பது இருக்கட்டும். பத்து நாள் ஆவதற்குள் இன்ஸ்டாகிராம் இந்த நாட்டில் ரீல்ஸ் கடையைத் திறந்துவிட்டது. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் இந்தத் தளங்களில் கணக்கு வைக்கக்கூடாது என்கின்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10ந் தேதி அமுலுக்கு வந்தது. பிள்ளையைக் கடைக்குள் விடாதே என்பது நல்லதுதான். ஆனால் கடைச் சரக்கைச் சோதிப்பது யார், பதினேழு வயதுக்காரன் கதி என்ன என்பது நமக்கு விளங்கவில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு தொழிலாளியைத் தொந்தரவு செய்யாமலிருப்பதைப் பற்றி 50 பேருக்குக் குறையாத கம்பெனிகள் தொழிலாளிகளோடு பேசி ஏற்பாடு செய்யவேண்டுமென்று பிரான்சு தேசத்தில் 2017 ஜனவரி முதல் இருக்கின்ற சட்டம் நமக்கு இதைவிட மேலாகத் தோன்றுகின்றது. அதில் நேரத்துக்கு வேலி கட்டும் யோசனையாவது இருக்கின்றது.

சட்டம் வரும்வரை காத்திராத ஊரும் ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்கிலி ஜில்லாவில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்கின்ற கிராமத்தார் 2022 ஆகஸ்டு முதல் தினமும் மாலை 7 மணிக்குச் சங்கு ஊதியதும், ஒன்றரை மணி நேரம் போனையும் டெலிவிஷனையும் அணைத்து வைப்பதென்று ஏற்பாடு செய்தார்கள். அந்தச் சங்கு ஊர்க் கோயிலிலிருந்து ஊதப்படுவதாக அறிகின்றோம். கோயிலுக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஒருவன் மாத்திரம் போனை அணைத்தால் அவன் தனியனாகின்றான். ஊரே அணைத்தால் பேசுவதற்கு ஆள் கிடைக்கின்றது. முதல் எட்டை வாங்கியவர்களும் தனித்தனியாக மன உறுதி காட்டி வாங்கவில்லையே!

நமது படிப்பகத்தில் இந்த வாரம் முதல் 7 மணியிலிருந்து 8.30 வரை வாசற்படியோரத்து அலமாரியில் போனை வைத்துவிட்டு உள்ளே வருவதென்று பேசி வைத்தோம். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிடுவதற்காகப் பொதுவில் ஒரு பட்டன் போன் மேஜை மேல் இருக்கும். 108 வண்டி ஓட்டுகின்ற தோழர் தமக்கு இது ஆகாதென்றார். அது நியாயமானதால் அவருக்கு விலக்குக் கொடுத்தாயிற்று. முதல் நாள் ஏழு பேர் வைத்தார்கள், மூன்றாம் நாள் நான்கு பேர். ஜவுளிக் கடையில் வேலை பார்க்கின்ற ஒருவர் கூச்சத்தோடு ஒரு சங்கதி சொன்னார். கடைக்காரர் மறுநாள் வேலைக்கு உத்தரவை இரவு 8 மணிக்கு வாட்சப்பில்தான் அனுப்புகின்றாராம்; பார்த்து உடனே பதில் போடாதவருக்குச் சம்பளத்தில் பிடித்தமாம். அவர் போனை எப்படி அலமாரியில் வைப்பார்? அவரைத் தனியே விடுவதற்கில்லை என்று முடிவாயிற்று. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் சேர்ந்து அந்தக் கடைக்காரரை நேரில் கண்டு, உத்தரவைக் கடை அடைப்பதற்கு முன்னமேயே சொல்லிவிடும்படி கேட்கப் போகின்றோம். போய்வந்த விவரம் அடுத்த இதழில்.