கேட்பதற்கா, பார்ப்பதற்கா?

இன்று சில வீடுகளின் வரவேற்பறையில் ஓர் அலங்காரப் பொருளைக் காணலாம். அதுதான் தாத்தா காலத்து ரிக்கார்டு பிளேயர்! அதன்மேல் ஒரு பூச்சாடி. அருகே நான்கைந்து இசைத்தட்டுகள். வருவோர் எல்லாரும் வியந்து பார்க்கின்றனர். ஆனால் அது பாடுவதில்லை. பாடுவதற்கென்றே செய்த கருவியை ஊமையாக்கி அழகு பார்ப்பது முறையா? முறையன்று என்பதே என் கருத்து.

1877-ஆம் ஆண்டில் எடிசன் மனிதக் குரலைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கச் செய்தார். பத்தாண்டுகளுக்குப் பின் எமில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டுக்கு வழி கண்டார். 1948-இல் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டு வந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் சுப்ரபாத இசைத்தட்டு 1963-இல் வெளிவந்து எத்தனையோ இல்லங்களில் பொழுதைப் புலரச் செய்தது.

இத்தகைய கருவி பழுதடைந்தால் முழுவதும் கெட்டுவிட்டது என்று எண்ணலாகாது. பெரும்பாலும் தேய்வது ஊசி. தளர்வது ரப்பர் பெல்ட். இறுகுவது பழைய எண்ணெய். இவற்றுள் முதலில் கவனிக்க வேண்டியது ஊசியே. வைர ஊசிகூடச் சுமார் 500 முதல் 1000 மணி நேரமே நன்கு உழைக்கும். தேய்ந்த ஊசி பாட்டைக் கெடுப்பதோடு நில்லாமல், தட்டின் வரிப்பள்ளத்தையே செதுக்கிவிடும். அந்தக் காயத்துக்கு மருந்தே இல்லை. மேலும், 78 சுழற்சித் தட்டுக்குத் தடித்த ஊசியும், நெடுநேரத் தட்டுக்கு மெல்லிய ஊசியும் தேவை. ஒன்றை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது தவறு.

வேகத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வந்தால் 33⅓ வேகம் சரி. நம் கணக்குப் பாடம் இங்கே உதவுகிறது அல்லவா? ஆனால் மின்கம்பிகளையும் உள்ளிருக்கும் கண்டென்சர்களையும் நாம் தொடலாகாது. அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை.

புதுமை சேர்ப்பதை நான் எதிர்க்கவில்லை. காந்த வகை பிக்கப் பொருத்தினால், இரண்டு கிராம் அளவுக் குறைந்த எடையிலேயே ஊசி தட்டைத் தடவிச் செல்லும். தட்டும் நெடுநாள் உழைக்கும். ஆனால் பிக்கப்பைத் தாங்கும் கை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். ஒலியைப் பெருக்கத் தனியாக ஒரு பிரீஆம்ப்பும் வேண்டும். புதுமை என்ற பெயரில் பழைய கருவியின் உடலை மட்டும் வைத்து உயிரைப் பறித்துவிடக் கூடாது.

“கைபேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கும்போது இந்தச் செலவு எதற்கு?” என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் கைபேசியில் அவரவர் காதுக்கு அவரவர் பாட்டு. ரிக்கார்டு பிளேயரிலோ ஒரு பக்கம் முடியும்வரை சுமார் இருபது நிமிடம் வீடே ஒன்றாக அமர்ந்து கேட்கிறது. பொறுமையாகக் கேட்கும் இப்பழக்கம் செலவிட்ட பணத்திற்கு ஈடாகாதா?

1977-இல் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று உண்டு. நம் நாட்டுக் கேசர்பாய் கேர்க்கரின் பாடலும் அதில் இருக்கிறது. தட்டை மட்டும் அனுப்பினால் போதாது என்றுணர்ந்த அறிஞர்கள், ஊசியையும் பிக்கப்பையும் அத்துடன் வைத்து அனுப்பினார்கள்! எங்கோ இருக்கும் முகமறியாதவர் கேட்பதற்கே அவ்வளவு அக்கறை என்றால், நம் வீட்டார் கேட்க நாம் ஓர் ஊசி வாங்கக் கூடாதா?

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நம் ஆண்டவர், மீந்த துண்டுகளையும் வீணாக்க விடவில்லை. பன்னிரண்டு கூடைகள் நிரம்பின. ஆகவே தோழியரே, பெற்றோரே! பூச்சாடிக்கு வேறு இடம் பாருங்கள். பழுதைச் சரி செய்யுங்கள். இசைத்தட்டு சுழலட்டும்; இல்லம் இசையால் நிறையட்டும்!

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு