ஆளை அனுப்புவதா, வேண்டாமா? காரணத்தைச் சொல்லுங்கள்!

செண்பகத்தோப்பு போகிற வழியில் ஒரு டீக்கடை. திருட்டு வழக்கு ஒன்றை விசாரிக்கப் போன நாம் அங்கே ஒதுங்கியபோது, பெஞ்சில் காரசாரமான பேச்சு. வங்கதேச முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவை இந்தியா ஒப்படைக்குமா, ஒப்படைக்காதா என்பதுதான் விஷயம்.

ரிட்டயர்டான கிளார்க் ஒருவர் சொன்னார்: "அனுப்பினாலும் அரசியல்ம்பான், அனுப்பாட்டியும் அரசியல்ம்பான். எதுக்குன்னு சொல்லிட்டுச் செஞ்சா நாங்க ஏன் தம்பி சந்தேகப்படப் போறோம்?"

நியாயமான கேள்வி.

நம்ம பக்கத்து ஜனங்களுக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. ராஜபாளையத்தில் கைவரிசை காட்டியவன் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குள் நுழைந்துவிட்டால், போலீஸ் வாரண்டோடு போகிறது. பிடித்த கையோடு ஜீப்பில் அள்ளிப் போட்டு வந்துவிட முடியாது. அந்த ஊர் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ ஆளைக் காட்டி, முறைப்படிதான் கொண்டுவர வேண்டும். சைக்கிள் திருடனுக்கே இந்த மரியாதை!

நாடு விட்டு நாடு என்றால் 1962-ம் வருடச் சட்டம் இருக்கிறது. கேட்கிற நாடு டெல்லிக்கு எழுத வேண்டும். டெல்லி ஒரு மாஜிஸ்திரேட்டை விசாரிக்கச் சொல்லும். மேலோட்டமாகப் பார்த்தாலே கேஸ் இல்லை என்றால் ஆளுக்கு விடுதலை. அரசியல் குற்றத்துக்கு ஒப்படைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. கொலை போன்றவை அரசியல் குற்றமாகாது என்று 1993-ல் திருத்தமும் வந்தது. எல்லாம் சரி. ஆனால் மாஜிஸ்திரேட் "கேஸ் இருக்கிறது" என்று எழுதினாலும் கடைசிக் கையெழுத்து டெல்லியுடையது. சந்தேகம் முளைப்பதே அங்கேதான்.

1973-ல் குட்டிமணி தமிழ்நாட்டில் பிடிபட்டு இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டார். பிறகு அங்கே வெளியே வந்து, 1981-ல் மறுபடி சிக்கி, 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடை சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார். அன்றும் ஜூலை 27-லுமாக அங்கே மாண்ட தமிழ்க் கைதிகள் 53 பேர். அவரை இங்கிருந்து ஏன் அனுப்பினார்கள் என்ற சண்டை அரசியல் மேடைகளில் எத்தனையோ வருஷம் ஓயவில்லை.

அடுத்தது சென்னை பாண்டி பஜார். 1982 மே 19. பட்டப்பகலில் அல்ல, ராத்திரி நேரம். ஆனால் ஜனங்கள் நடமாடும் கடைவீதி. பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். இருவரையும் கொடு என்றது இலங்கை. அதன் போலீஸ் தலைவரே சென்னைக்கு வந்தார். கொடுக்காதே என்று பழ. நெடுமாறன் கூட்டிய அனைத்துக் கட்சிக் கூட்டம் தீர்மானம் போட்டது. எம்.ஜி.ஆர். ஆட்சி, டெல்லியில் இந்திரா காந்தி. ஒப்படைக்கவில்லை. ஜாமீன் கிடைத்தது, பிரபாகரன் மதுரையில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒப்படைக்காததைக் குறை சொல்ல மாட்டோம். வெலிக்கடையைப் பார்த்த பிறகு யார்தான் சொல்வார்கள்? ஆனால் சுட்டது நம் கடைவீதியில். அந்த வழக்கை இங்கே நடத்தி முடித்திருக்க வேண்டாமா? ஜாமீனில் இருந்தவர் கடல் தாண்டிப் போய்விட்டார். வேண்டியவனுக்கு ஒரு சட்டம் என்று ஜனங்கள் பேச இடம் கொடுத்தது யார்?

வேடிக்கை என்னவென்றால், ராஜீவ் காந்தி கொலை வழக்குக்காக அதே பிரபாகரனைக் கொடு என்று 1995-ல் இலங்கையிடம் இந்தியா கேட்க வேண்டி வந்தது!

இன்னொரு வழியும் உண்டு. ஒப்படைப்பு என்று சொல்லாமல் "வெளியேற்றம்" என்பது. அதற்கு மாஜிஸ்திரேட் விசாரணை தேவையில்லை. 1985 ஆகஸ்டில், திம்பு பேச்சு முறிந்த கையோடு பாலசிங்கம், சந்திரகாசன், சத்தியேந்திரா மூவரையும் வெளியேறச் சொன்னது ராஜீவ் அரசு. சந்திரகாசனை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினார்கள். தமிழ்நாடு கொதித்தது. பிறகு உத்தரவு வாபஸ்! அனுப்பவும் காரணம் சொல்லவில்லை, திரும்பக் கூப்பிடவும் சொல்லவில்லை என்றுதான் ஜனங்களுக்குப் பட்டது.

ஹசீனாவைக் கேட்டு 2024 டிசம்பரில் வங்கதேசம் எழுதியபோது டெல்லி சொன்ன பதில்: கடிதம் வந்தது, இப்போது சொல்ல ஒன்றுமில்லை. 2025 நவம்பரில் அவருக்கு அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்டு, மறுபடியும் கேட்டார்கள்.

அனுப்புங்கள் என்றோ அனுப்பாதீர்கள் என்றோ நாம் எழுதவில்லை. எந்த முடிவானாலும் காரணத்தை எழுத்தில் பார்லிமெண்டில் வையுங்கள். ராத்திரி விமானம் மட்டும் வேண்டாம்.