செயலியை மாற்றுமுன் சூட்டைத் தணிப்போம்

கணினி விளையாட்டில் நாட்டமுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இன்று ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. விளையாட்டு இடையிடையே திக்குகிறது; கணினியோ இரைச்சலிடுகிறது. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. அதில் புதிய செயலி வாங்குவதா? இருக்கின்ற செயலிக்கு நல்லதொரு குளிரூட்டி வாங்குவதா?

பெரும்பாலோர் தயங்காமல் செயலி என்பர். செயலிதானே கணினியின் மூளை, விசிறிக்குப் போய் யாரேனும் பணத்தைக் கொட்டுவார்களா என்பது அவர்தம் வாதம். என் கருத்து இதற்கு நேர்மாறானது. நம் நாட்டு வெயிலில், அதிலும் நம் பேராக்கில், முதற்செலவு குளிர்ச்சிக்கே உரியது. செயலியின் முறை அதற்குப் பின்னரே வர வேண்டும்.

சூடேறிய செயலி என்ன செய்யும்?

2001ஆம் ஆண்டில் டாம்சு ஹார்ட்வேர் என்னும் கணினி இதழ் ஒரு காணொளியை வெளியிட்டது. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே செயலியின் மேலிருந்த குளிரூட்டியைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் அத்லான் செயலி சில நொடிகளில் புகைந்து கருகியது. இன்டெல் நிறுவனத்தின் பெந்தியம் 4 கருகவில்லை. ஆனால், அதன் வேகம் ஆமை நடையாயிற்று. குளிரூட்டியை மீண்டும் வைத்ததும் பழைய வேகத்திற்குத் திரும்பியது.

இன்றைய செயலிகள் அனைத்தும் அந்தப் பெந்தியத்தின் வழியைப் பின்பற்றுகின்றன. பெரும்பாலும் 90 முதல் 100 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும் தத்தம் எல்லையைத் தொட்டதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. கருகிப் போகாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆயினும், இதில் ஓர் ஏமாற்றம் மறைந்திருக்கிறது. வேகம் குறைந்தது ஏன் என்று கணினி நமக்குச் சொல்வதில்லை. செயலி பழையதாகிவிட்டது என நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு இது விளங்காத செய்தியன்று. நம் பெற்றோர் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் இரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். உச்சி வெயிலில் சீவிப் பார்த்துவிட்டு, மரத்தில் பால் இல்லை என்று சொல்லி வெட்டிச் சாய்த்தவர் உண்டோ? செயலிக்கு மட்டும் நாம் அதைத்தானே செய்கிறோம்!

அவர்கள் அறையும் நம் அறையும்

பிள்ளைகள் பார்க்கும் கணினி மதிப்பீடுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செய்யப்படுபவை. அங்கே சோதனை அறையின் வெப்பநிலை 21 முதல் 25 பாகைக்குள் இருக்கும். ஈப்போவில் பிற்பகல் வெப்பம் 33 பாகையை எட்டுவது வழக்கம். தாமான்களில் உள்ள வரிசை வீடுகளின் மாடியறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

காற்றுக் குளிரூட்டியானாலும் நீர்க் குளிரூட்டியானாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுபோக முடியாது. அறையில் பத்துப் பாகை கூடினால் செயலியிலும் ஏறத்தாழப் பத்துப் பாகை கூடும். ஆக, அங்கே 80 பாகையில் அமைதியாக ஓடும் செயலி இங்கே 90ஐத் தொட்டு நிற்கும். பெட்டியோடு இலவசமாக வரும் சிறிய குளிரூட்டி அவர்களுக்குப் போதும், நமக்குப் போதாது.

வெயிலோடு தூசும் சேர்ந்துகொள்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கும் கற்சுரங்கங்களுக்கும் குறைவில்லை. சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் இருப்போர்க்கு அந்த வெண்தூசு நன்கு தெரியும். நம் ஈரக்காற்றில் அந்தத் தூசு குளிரூட்டியின் தகடுகளுக்கிடையே படிந்து படலமாகிவிடும். அதன் பிறகு விசிறி சுழலும், காற்று போகாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

என் முன்னாள் மாணவன் ஒருவன் இப்போது ஐந்தாம் படிவத்தில் பயில்கிறான். குடும்பம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்தது. தந்தைக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகனின் கணினியில் இருந்தது ரைசன் 5 3600 செயலி. கூடவே வந்த சிறிய குளிரூட்டி. கடையில் காட்டியபோது, செயலி, தாய்ப்பலகை, நினைவகம் மூன்றையும் மாற்ற வேண்டும் என்று கூறி 1,400 ரிங்கிட் கேட்டிருக்கிறார்கள்.

"படிக்கிற பிள்ளை கேட்கிறான் சார், கடன் வாங்கியாவது செய்துவிடலாமா?" என்று அந்தத் தந்தை என்னிடம் வினவினார்.

2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதில் 1,400 என்றால் என்னவென்று எண்ணிப் பாருங்கள். முதலில் அளந்து பார்ப்போம் என்றேன். விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களில் செயலி 95 பாகையைத் தொட்டது, வேகம் 3.2 கிகாஹெர்ட்சுக்கு இறங்கியது. அந்தச் செயலியின் அடிப்படை வேகமே 3.6.

தூசு நீக்கி, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாக இட்டு, 120 ரிங்கிட்டில் கோபுர வடிவக் குளிரூட்டி ஒன்றைப் பொருத்தினோம். அதே பிற்பகல் வெயிலில் வெப்பம் 75 பாகையோடு நின்றது. வேகம் 4 கிகாஹெர்ட்சில் நிலைத்தது. திக்கல் நின்றது. பசையையும் சேர்த்து மொத்தச் செலவு 150 ரிங்கிட்.

புதிய செயலிக்கும் குளிர்ச்சி வேண்டும்

குளிரூட்டிக்குச் செய்யும் செலவு வீண் என்பாரிடம் இன்னொன்றையும் சொல்வேன். ஆற்றல் மிகுந்த செயலி சூட்டிலும் மிகுந்தே இருக்கும். ரைசன் 5 3600இன் வெப்ப அளவு 65 வாட். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்சு3டி செயலிக்கு 105 வாட். பின்னதற்குப் பெட்டியில் குளிரூட்டியே வைப்பதில்லை. காற்றோட்டமில்லாத பழைய பெட்டியில் அதைக் கொண்டுபோய் வைத்தால் பழைய தொல்லை புதிய விலையில் திரும்பி வரும்.

குளிரூட்டியோ அப்படியன்று. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 தாய்ப்பலகைக்கு வாங்கிய குளிரூட்டிகளில் பெரும்பாலானவை அதன் பின் 2022இல் வந்த ஏ.எம்.5 பலகைக்கும் பொருந்தும். நாளை செயலியை மாற்றினாலும் இன்றைய செலவு கூடவே வரும்.

அப்படியானால் செயலியை மாற்றவே கூடாதா?

நான் அப்படிச் சொல்லவில்லை. குளிர்ச்சி, இழந்த வேகத்தை மீட்டுத் தரும். இல்லாத வேகத்தை உண்டாக்காது. அறிவியல் பாடத்தில் மாணவர்களுக்கு நாம் கற்பிப்பதை இங்கும் கடைப்பிடிக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள்.

1. காசில்லாச் சோதனை: கணினிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, மேசை விசிறியை அதை நோக்கி வையுங்கள். விளையாட்டு சீரானால் குற்றவாளி வெப்பமே.
2. இலவச மென்பொருளைக் கொண்டு வெப்பத்தையும் வேகத்தையும் பாருங்கள். எல்லையைத் தொட்டு வேகம் சரிந்தால் குளிரூட்டி வாங்குங்கள்.
3. வெப்பம் 80க்குக் கீழே இருந்தும் செயலி முழுமூச்சாக உழைத்து, வரைகலை அட்டை சும்மா இருந்தால் செயலிதான் போதவில்லை. அப்போது மாற்றுவது முறை.
4. வரைகலை அட்டை நூறு விழுக்காட்டை ஒட்டி உழைத்தால் செயலியாலும் பயனில்லை, குளிரூட்டியாலும் பயனில்லை. விளையாட்டின் படத்தரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இன்னொரு நியாயமான காரணமும் உண்டு. விண்டோசு 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோசு 11 இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கும் ரைசன் 2000 வரிசைக்கும் முந்திய செயலிகளை ஏற்பதில்லை. அத்தகைய கணினியில் பிள்ளை பாடமும் படிக்கிறான் என்றால், செயலியை மாற்ற எண்ணுவது தேவையின்பாற்பட்டது, ஆசையின்பாற்பட்டதன்று.

குளிரூட்டியைக் கழற்றுவோர்க்கு ஒரு குறிப்பு. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இளஞ்சூட்டோடு இருக்கும்போதே மெல்லத் திருகி எடுங்கள். வெடுக்கென இழுத்தால் ஏ.எம்.4 செயலி பசையோடு பெயர்ந்து வந்து ஊசிகள் வளைந்துபோகும்.

பெற்றோர்களே, கடைக்காரர் சொன்னார், காணொளியில் சொன்னார்கள் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். பிள்ளையை அருகில் அமர்த்தி அவனையே அளக்கச் சொல்லுங்கள். எந்த எண் ஏறியது, எது இறங்கியது என்று அவன் ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். அந்தத் தாளைப் பார்த்த பிறகு பணப்பையைத் திறக்கலாம்.