சுவருக்குப் பின்னால் இருப்பது யாது?

நம் நாட்டு வீடுகளின் சுவர்கள் கல்லும் சீமெந்தும் கொண்டவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய நம்மவர் வாழும் வீடுகளின் உட்சுவரோ வேறு வகையினது. மரச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஜிப்சம் பலகையைப் பொருத்திவிட்டாற் சுவர் முடிந்தது. இரு காகிதத் தாள்களுக்கிடையே ஜிப்சத்தை நிரப்பிய இப்பலகையின் தடிப்பு பெரும்பாலும் 1/2 அங்குலமே. இதன் முன்னோடிக்கு 1894ஆம் ஆண்டில் ஒகஸ்ரின் சக்கெற் என்பவர் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார்.

அங்கே விடுமுறை நாள்களில் நிலக்கீழ் அறையைத் தாமே திருத்தி அமைப்போர் பலர். மின் இணைப்புப் பெட்டிகளுக்காகப் பலகையில் வாயில் வெட்ட அவர்கள் கையாள்வது சுழல்வெட்டி என்னும் சிறு மின்கருவி. அதன் மெல்லிய அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 தடவை சுழலும். பலகை அதற்கு வெண்ணெய் போன்றது. இடர் பலகையில் இல்லை. பலகைக்குப் பின்னால் இருக்கின்றது.

சட்டங்களைத் துளைத்தே மின்கம்பிகளைக் கொண்டுசெல்வர். அத்துளை சட்டத்தின் முன்விளிம்பிலிருந்து 1¼ அங்குலமாவது உள்ளே இருத்தல் வேண்டும், அன்றேல் இரும்புத் தகடு பொருத்துதல் வேண்டும் என்பது அமெரிக்க மின்விதி. ஆயினும் இரு சட்டங்களுக்கிடையே கம்பி தொய்ந்து பலகையின் முதுகைத் தொட்டு நிற்றலுங் கூடும். ஆகவே அலகு பலகையின் தடிப்பிலும் 1/8 அங்குலம், அதாவது அரைக்கால் அங்குலம் மாத்திரமே மிகுந்து நீளுமாறு கருவியின் அடித்தட்டை முடுக்கிக்கொள்ளல் வேண்டும்.

மின்சாரத்தை நிறுத்தினாற் போதாதோ எனச் சிலர் வினவுவர். நிறுத்தியே ஆகவேண்டும், சோதித்தும் பார்த்தல் வேண்டும், கருவிக்கு வேறு சுற்றிலிருந்தே மின்சாரம் எடுத்தல் வேண்டும். ஆனால் அது வெட்டுபவரின் உயிரை மட்டுமே காக்கும். உறை கிழிந்த கம்பி சுவருக்குள் மறைந்துவிட்டால், மீண்டும் மின்சாரம் பாயும்போது பொறி பறந்து தீ மூளலாம். வீட்டார் உறங்கும் வேளையாகவும் அஃது இருக்கலாம். எனவே ஆளியை நிறுத்துவதினும் ஆழத்தை அளப்பதையே யாம் பெரிதெனக் கொள்வோம்.

வெட்டும் முறை எளிது. பலகையை ஏற்றுமுன் பெட்டியின் நடுவிடத்தை அளந்து பலகையிற் குறித்து, கம்பிகளைப் பெட்டியின் அடியில் மடித்துத் தள்ளிவிடுக. பெட்டியை அண்டி ஆணி அறையற்க, பலகை உடையும். குறியில் அலகை இறக்கி, பெட்டியின் உட்சுவர் தட்டும்வரை பக்கமாக நகர்த்தி, மெல்ல உயர்த்தி விளிம்பைத் தாண்டி வெளிப்புறம் இறக்குக. பின்னர் பெட்டியை ஒட்டி இடஞ்சுழியாகச் சுற்றி வருக. அலகு வலஞ்சுழியாகச் சுழல்வதால், முன்னேறும்போது தானாகவே இடப்பக்கம் இழுக்கும். இடஞ்சுழியாகச் சென்றாற் பெட்டி இடப்பக்கம் நிற்குமாதலின், அலகு அதனைத் தழுவியே செல்லும். மாறிச் சென்றாலோ விலகி ஓடிப் பலகையைக் கெடுக்கும். இதற்கென முனையில் வெட்டு இல்லாத மழுங்கிய அலகுகள் உள, அவையே ஏற்றவை.

முன்னரே எழுந்து நிற்கும் பழைய சுவராயின் எமது கருத்து வேறு. உள்ளே யாதுளது என அறியாதவிடத்தில் இக்கருவி வேண்டாம். சிறு கைவாளினால் ஆழமின்றி அறுத்து, உள்ளே விளக்கொளி பாய்ச்சிப் பார்ப்பதே நன்று. பழைய வீடுகளில் மற்றோர் இடருமுண்டு. பலகைப் பொருத்துகளிற் பூசும் பசையில் முற்காலத்தில் அஸ்பெஸ்ரஸ் கலந்தனர். அத்தகைய பூச்சுப் பொருள்கள் வீட்டு உபயோகத்துக்கு விற்கப்படுவதை அமெரிக்கா 1977இல் தடைசெய்தது. அக்காலத்துக்கு முந்திய சுவரைப் பரிசோதனை செய்விக்காமல் தொடலாகாது.

புதிய பலகையாயினும் தூசு மிகும். கண்ணாடியும், தூசு வடிக்கும் முகமூடியும் அணிக; கைக்குட்டை போதாது. வேலை முடிந்ததும் சுழற்சி முற்றாக நின்ற பின்னரே கருவியைக் கீழே வைத்து, மின் இணைப்பை நீக்குக. அலகு நின்ற பின்னும் சுடும். ஆறிய பின்னர் கழற்றலாம்.