பள்ளிக்கூடத்துக் கவர்னர்கள்

கவர்னர் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை கிண்டி மாளிகையும், வாசலில் துப்பாக்கிச் சிப்பாயும், டவாலிச் சேவகனும், சட்டசபை கூடுகிற முதல் நாளில் வாசிக்கப்படும் நீண்ட பிரசங்கமுந்தான். ஆனால் இங்கிலாந்து தேசத்தில் பள்ளிக்கூடங்களுக்கும் கவர்னர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவர்னர்களுக்கு மாளிகை கிடையாது, டவாலி கிடையாது, சம்பளமும் கிடையாது. பகலெல்லாம் பாங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கடையிலோ உழைத்துவிட்டு, சாயங்காலம் பள்ளிக்கூடத்துக் குட்டை நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைப் பருகியவாறு, தலைமை உபாத்தியாயரின் அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் சாமான்ய மனிதர்கள் அவர்கள். ஆட்டிஸம் உள்ள குழந்தைகளுக்கென்றே நடக்கும் பள்ளிக்கூடங்களில் இந்தக் கவர்னர்களுக்கு என்ன வேலை என்பதைப் பற்றி இந்த வாரம் நேயர்களோடு சிறிது பேச உத்தேசித்திருக்கிறோம்.

ஆட்டிஸம் என்பதைச் சிலர் 'மன இறுக்கம்' என்று தமிழ்ப்படுத்தியிருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பு நமக்குச் சம்மதமில்லை. இறுக்கம் என்றால் யாராவது வந்து தளர்த்திவிட்டால் சரியாய்ப் போய்விடும் என்றல்லவா தோன்றுகிறது? இது குழந்தையோடு கூடவே வளரும் ஓர் அமைப்பு. 1943ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கிற்று. இக்குழந்தைகளில் சிலர் ஓயாமல் பேசுவார்கள். சிலர் ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். நமக்குக் காதிலேயே விழாத விளக்கின் ரீங்காரம் ஒரு குழந்தைக்குத் தலையில் சம்மட்டி அடிப்பது போல் இருக்கும். செவ்வாய்க்கிழமை வரவேண்டிய பாடம் புதன்கிழமைக்கு மாறினால் இன்னொரு குழந்தைக்கு அன்றைய உலகமே நிலைகுலைந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தை அன்று பள்ளிக்கூடத்தில் தனக்கு நேர்ந்ததை வீட்டுக்கு வந்து தாயாரிடம் சொல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. விஷயம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மற்றப் பள்ளிக்கூடங்களில் அநியாயம் நடந்தால் பிள்ளைகள் வந்து சொல்வார்கள், தெருவே பேசும். இங்கே, கேட்க வேண்டியவர்கள் கேட்டால்தான் உண்டு.

இங்கிலாந்திலேயே இக்குழந்தைகளில் அநேகருக்கு வெகுகாலம் பள்ளிக்கூடம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'இதற்குப் படிப்பு ஏறாது' என்று ஒரு முறை முத்திரை விழுந்துவிட்டால் அந்தக் குழந்தை கல்வி இலாகாவின் கணக்கிலிருந்தே நீங்கிவிடும். சுகாதார இலாகாவின் பொறுப்பில் போய்ச் சேரும். 1970ஆம் வருஷத்துச் சட்டம் வந்து, 1971 ஏப்ரல் முதல் அது அமலுக்கு வந்த பிறகே எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடத்துக்கு உரியவர்கள் ஆனார்கள். ஆனால் பெற்றோர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1962இல் சில தாய் தந்தையர் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். ஸிபில் எல்கர் என்ற அம்மையார் லண்டனில் தம் வீட்டு நிலவறையில் இக்குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். 1965இல் அந்தச் சங்கத்தின் பள்ளிக்கூடம் ஈலிங் என்னுமிடத்தில் அவரையே தலைவியாகக் கொண்டு திறக்கப்பட்டது. ஆகவே இவ்வகைப் பள்ளிக்கூடத்தின் நிர்வாக சபையில் பெற்றோருக்கு நாற்காலி போடுவதை யாரும் உபகாரமாகப் பேச வேண்டியதில்லை. வீட்டைக் கட்டியவர்களே அவர்கள்.

மற்றப் பள்ளிக்கூடங்களில் பெற்றோருக்கு இந்த இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. முன்பெல்லாம் ஸ்தல ஸ்தாபனத்துக் கட்சிப் பிரமுகர்களே கவர்னர்களாக இருப்பார்கள். சில ஊர்களில் ஒரே சபை பல பள்ளிக்கூடங்களுக்கும் பொதுவாக இருந்தது. அது எந்த அழகில் மேற்பார்வை செய்திருக்கும் என்பதை நேயர்களே ஊகிக்கலாம். 1977இல் டெயிலர் கமிட்டி இதைப் பரிசீலித்து அறிக்கை கொடுத்தது. 1980ஆம் வருஷத்துச் சட்டம் பெற்றோர்களைச் சபைக்குள் கொண்டுவந்தது. இப்போது ஸ்தல ஸ்தாபனங்கள் பராமரிக்கும் பள்ளிக்கூடங்களுக்கு, 2012ஆம் வருஷத்து விதிகளின்படி, சபையில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பெற்றோர் இருவருக்குக் குறையக்கூடாது. தலைமை உபாத்தியாயர் ஒருவர், சிப்பந்திகள் சார்பில் ஒருவர், ஸ்தல ஸ்தாபனத்தின் சார்பில் ஒருவர் உண்டு. பதவிக் காலம் சாதாரணமாக நான்கு வருஷம். பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிறவர் எவரும் அக்கிராசனர் ஆக முடியாது. தர்ம ஸ்தாபனங்களும் அகாடமி என்ற டிரஸ்டுகளும் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு விதிகள் சற்று வேறு; வேலை என்னவோ ஒன்றுதான்.

அந்த வேலை யாது? பள்ளிக்கூடம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது, தலைமை உபாத்தியாயரைக் கேள்வி கேட்டுப் பதில் பெறுவது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. பாடம் நடத்துவதிலோ, எந்த உபாத்தியாயருக்கு எந்த வகுப்பு என்பதிலோ அவர்கள் தலையிடக்கூடாது. பெரிய மனிதர் ஒருவர் வகுப்பின் நடுவே நுழைந்து, பையனை எழுப்பி வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லும் வழக்கம் நம் உபாத்தியாயர்களுக்கு நன்றாய்த் தெரியும். இங்கே அது நடவாது. கவர்னர் வருவதானால் முன்கூட்டியே ஏற்பாடு. அவருடைய புகைப்படத்தைக் குழந்தைகளின் படக் கால அட்டவணையில் ஒட்டிவைத்து, 'இன்று இவர் வருவார்' என்று காட்டிவைப்பதும் உண்டு. குழந்தை அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலிருந்தால் அதில் அவமரியாதை ஏதும் இல்லை.

கேள்வி கேட்பது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். எப்படிக் கேட்பது என்பதில்தான் கவர்னரின் தரம் தெரியும். ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்திக் கொள்ளும் நிலைமை வந்து, பெரியவர்கள் அதைக் கையால் பிடித்து நிறுத்த நேர்ந்தால், அதை எழுதி வைக்க வேண்டும். தலைமை உபாத்தியாயினி அறிக்கை வாசிக்கிறார்: 'சென்ற தவணையில் இத்தகைய சந்தர்ப்பங்கள் அறுபது, இந்தத் தவணையில் நாற்பது.' சபையில் திருப்திகரமான முணுமுணுப்பு. அக்கிராசனர் அடுத்த விஷயத்துக்குப் பக்கத்தைத் திருப்பப் போகிறார். அப்போது ஓர் அங்கத்தினர் கேட்கிறார்: 'இந்த நாற்பதும் எத்தனை குழந்தைகள்?' காகிதங்களைப் புரட்டுகிறார்கள். முப்பது ஒரே பையனுக்கு நேர்ந்தவை என்று தெரிகிறது. மற்றக் குழந்தைகளுக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது, அவனுக்கோ அதிகமாகியிருக்கிறது. மொத்தக் கணக்கு அவனை மறைத்துவிட்டது!

இன்னொருவர் கேட்கிறார்: 'எந்த மணி நேரத்தில்? எந்த இடத்தில்?' பெரும்பாலும் மத்தியான வேளை, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில். தட்டுகள் மோதும் சத்தம், எண்ணெய் வாசனை, ஒருவர்மேல் ஒருவர் இடிக்கும் வரிசை. பையன் ஓட முயல்கிறான், பிடிக்கிறார்கள், அவன் அடிக்கிறான். 'கொஞ்ச நேரம் முன்னதாக, கூடம் காலியாக இருக்கும்போது அவன் சாப்பிட்டால் என்ன?' என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? நல்ல கவர்னர் அந்த வைத்தியத்தை உத்தரவாகப் போடமாட்டார். அது உபாத்தியாயர்களின் தொழில். 'அடுத்த கூட்டத்துக்குள் என்ன செய்வதாக உத்தேசம்? அதற்கு இன்னோர் ஆள் தேவையானால் செலவு எவ்வளவு?' என்று கேட்பார். பதில் நடவடிக்கைக் குறிப்பில் ஏறும். அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்பார். மூன்றாவது அங்கத்தினர் ஒருவர், 'கணக்குக் குறைந்தது எழுதுவது குறைந்ததனாலா?' என்று கேட்டால் உபாத்தியாயினியின் முகம் சற்றுச் சிவக்கலாம். சிவந்தால் சிவக்கட்டும். யோக்கியமான பள்ளிக்கூடம் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கும்.

இன்னொரு விஷயம், கணக்கிலேயே வராதது. 'இன்று பிள்ளைக்கு நிதானமில்லை, வந்து அழைத்துக்கொண்டு போங்கள்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து டெலிபோன் வரும். தாயார் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். வாரத்துக்கு இரண்டு முறை இப்படி நடந்தால் வேலையும் போய்விடும். முறைப்படி விலக்கியதாக எழுதாமல் இவ்விதம் அனுப்பிவிடுவது, பெற்றோர் சம்மதித்தாலுங்கூட, இங்கிலாந்தில் சட்ட விரோதம். வருகைப் பதிவேட்டைக் கவர்னர் கூர்ந்து பார்த்தால் இது அகப்பட்டுவிடும். நிரந்தரமாக விலக்குவதானால், தலைமை உபாத்தியாயரின் முடிவைப் பதினைந்து பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

2018இல் முடிந்த ஒரு வழக்கை இங்கே பிரஸ்தாபிக்க வேண்டும். ஆட்டிஸம் உள்ள ஒரு சிறுவனை, உதவியாளரை அடித்ததற்காக, அவன் படித்த பள்ளிக்கூடம் ஒன்றரை நாள் விலக்கி வைத்தது. பெற்றோர் நியாயம் கேட்டார்கள். 'பிறரைத் தாக்கும் சுபாவம்' உள்ளவர்களுக்கு, அந்த விஷயத்தில், அங்கஹீனர்களுக்குரிய சட்டப் பாதுகாப்பு இல்லை என்று 2010ஆம் வருஷத்து விதி ஒன்று சொல்லிற்று. முதல் விசாரணையில் அதைக் காட்டியே தள்ளிவிட்டார்கள். மேல் விசாரணை மன்றம், கல்வி விஷயத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அந்த விதியைப் பிரயோகிப்பது மனித உரிமைகளுக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. நம் விஷயத்துக்கு முக்கியமானது வழக்கின் தலைப்பு. அதில் பிரதிவாதியாக நின்றது அந்தப் பள்ளிக்கூடத்தின் நிர்வாக சபை. சாயங்காலத்தில் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தூக்குவது எவ்வளவு கனமான காரியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

சபையில் எல்லோரைக் காட்டிலும் சங்கடமான இடம் பெற்றோர் பிரதிநிதியுடையது. அவருடைய சொந்தக் குழந்தை அடுத்த அறையில் படிக்கிறது. அதன் குறைகளை அவர் சபையில் கொண்டுவரக்கூடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. மற்றப் பெற்றோர்கள் வாசலில் மடக்கி, 'உள்ளே என்ன பேசினீர்கள்?' என்று கேட்டால் இரகசியமானதைச் சொல்லவும் கூடாது. தேர்ந்தெடுத்தவர்கள் சொன்னபடியே வோட்டளிக்க வேண்டும் என்பதும் இல்லை. தம் பிள்ளையின் உபாத்தியாயினியைச் சபையில் நேருக்கு நேர் கேள்வி கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் அவர் கையிலேயே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். நாமும் உபாத்தியாயர் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள்தான். அப்படிக் கேட்கும் தாயார்பேரில் ஒரு கணம் கோபம் வரும் என்பதை மறைப்பானேன்? ஆனால் அவர் கேட்காமலிருந்துவிட்டால் அந்தச் சபையில் அவர் எதற்கு?

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். 2013இல் வந்த ஏற்பாட்டின்படி விசேஷப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடத்துக்குப் பதினாயிரம் பவுன். அதற்கு மேல் அந்தந்தக் குழந்தையின் தேவைக்கேற்ப ஸ்தல ஸ்தாபனம் கூட்டிக் கொடுக்க வேண்டும். இந்த மேல் தொகைக்காகப் பேரம் பேசுவதிலேயே பல சபைகளின் பொழுது போகிறது.

நம் தேசத்திலும் 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தி, அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப்பேர் ஸ்திரீகளாகவும் இருக்க வேண்டுமென்று விதித்தது. விகிதத்தைப் பார்த்தால் இங்கிலாந்தை விட நாம் தாராளந்தான். ஆனால் நாம் அறிந்த சில இடங்களில், எழுதி முடித்த தீர்மானப் புஸ்தகத்தில் கையெழுத்து வாங்கி, காப்பி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

இவ்வகைப் பள்ளிக்கூடங்களில் பல, பத்தொன்பது வயது வரை பிள்ளைகளை வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு? 'சென்ற வருஷம் வெளியே போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?' என்று கேட்கும் கவர்னர் உள்ள சபையில், பதினான்காம் வயதிலேயே பஸ் ஏறவும், கடையில் சில்லறை எண்ணவும், 'வேண்டாம்' என்பதைப் படச் சீட்டாலாவது சொல்லவும் கற்பிக்க நேரம் ஒதுக்கப்படும்.

லண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நம்மவர் குடும்பங்கள் பல இருக்கின்றன. நேயர்களில் சிலருக்கு மகனோ மருமகளோ அங்கே இருக்கக்கூடும். பல நிர்வாக சபைகளில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. கவர்னர் ஆவதற்குப் பட்டம் வேண்டியதில்லை. பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டியதுமில்லை. பதினெட்டு வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், பூர்வோத்தர விசாரணைக்கு உட்பட வேண்டும். வேலை கொடுத்த எஜமானர் நியாயமான அளவுக்கு ஓய்வு நேரம் தரக் கடமைப்பட்டவர் என்று 1996ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுப்பதும் கொடாததும் அவர் இஷ்டம். அடுத்த முறை அவர்களோடு டெலிபோனில் பேசும்போது, மழையையும் குளிரையும் விசாரித்த பிறகு, இதையும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம்.